ஒலிம்பஸில் எதை வாங்குவது: பென், டிரிப் 35, ஓஎம்-1, எக்ஸ்ஏ?

ஃபிலிமில் படமெடுத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் கேமரா தேடுகிறவர்களுக்கு ஒலிம்பஸ் பெயர் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். கைக்கு அடக்கமாக இருக்கும், லென்ஸுக்கு நல்ல பேர், விலையும் பெரும்பாலும் தாங்கக்கூடியது. குழப்பம் அதற்கப்புறம்தான். பென் என்று ஒன்று, டிரிப் என்று ஒன்று, ஓஎம் வரிசையில் நாலைந்து, எக்ஸ்ஏ, எக்ஸ்ஏ2, மியூ. விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘கிளாசிக்’ என்பார்கள்.

எல்லாமே சின்னக் கேமராக்கள்தான், எல்லாவற்றின் லென்ஸும் உருப்படியானதுதான். எனவே அளவையும் கூர்மையையும் வைத்து இவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. படமெடுப்பவரிடமிருந்து எந்த வேலையைக் கேமரா பிடுங்கிக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: ஃபோகஸ், வெளிச்சம், ஷட்டர் வேகம் (ஃபிலிமில் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை விடுவது) இவற்றில் எதையெல்லாம் நான் பார்த்துக்கொள்ளப் போகிறேன்?

கம்பெனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919-ல் தாகெஷி யாமஷிதா டோக்கியோவில் தொடங்கியபோது அதன் பெயர் தகாச்சிஹோ செய்சகுஷோ. நுண்ணோக்கியும் தெர்மாமீட்டரும் செய்தார்கள். ஒலிம்பஸ் என்ற வணிகப் பெயர் 1921-ல் வந்தது. முதல் கேமரா 1936-ல் வந்த செமி-ஒலிம்பஸ். அதிலேயே ஸுய்கோ என்ற லென்ஸ் பெயரும் வந்துவிட்டது. 1950-ல் டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர் தட்சுரோ ஊஜியோடு சேர்ந்து இரைப்பைக்குள் இறக்கிப் படமெடுக்கும் காஸ்ட்ரோ கேமராவை உருவாக்கினார்கள். இன்றைக்கு எண்டோஸ்கோபிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் கருவியின் மேல் இதே பெயரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கம்பெனிக்குச் சோறு போட்டது கடைசியில் அந்தப் பக்கம்தான். கேமராப் பிரிவை 2021 ஜனவரியில் தனியாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். பழைய ஃபிலிம் கேமராவை இனி கம்பெனியிடம் கொண்டுபோய் ரிப்பேர் செய்ய முடியாது என்பது நம் முடிவுக்கு முக்கியமான விஷயம்.

கேமரா வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் யோஷிஹிசா மைதானி. 1933-ல் பிறந்தவர், வாசேதா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர், 1956-ல் ஒலிம்பஸில் சேர்ந்தவர். பென், ஓஎம்-1, எக்ஸ்ஏ மூன்றுக்கும் மூளை அவருடையதுதான். சொந்தமாக லைக்கா என்ற ஜெர்மன் கேமரா வைத்துப் படமெடுத்தவர் என்பதால், கேமராவை முதலில் படமெடுப்பவராகவும் அப்புறம்தான் பொறியாளராகவும் பார்த்தார். இந்த மூன்று கேமராக்களிலும் அவர் மூன்று வெவ்வேறு ஆட்களை மனதில் வைத்து வேலை செய்திருக்கிறார். அதில் நாம் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

ஒரு ரோலில் 72 படம்

1959-ல் வந்த முதல் பென் கேமராவுக்கு மைதானி வைத்துக்கொண்ட விலை வரம்பு 6,000 யென். அன்றைக்கு ஒலிம்பஸின் மலிவுக் கேமராவே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பட்ஜெட்டில் பெரும் பகுதியை லென்ஸே தின்றுவிட்டதால் மிச்சம் எல்லாவற்றையும் எளிமையாக்கினார். ஃபிலிமை நகர்த்த நெம்புகோல் கிடையாது, பின்பக்கத்தில் கட்டைவிரலால் உருட்டும் ஒரு சக்கரம்தான். ஒரு படம் விழும் வழக்கமான 24×36 மி.மீ. சட்டத்தை இரண்டாக வெட்டி 18×24 ஆக்கினார். அதனால் 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுக்கலாம். 1961-ல் வந்த பென் இஇ இன்னும் ஒரு படி மேலே போய், எதையும் திருப்ப வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும் என்று ஆக்கிவிட்டது.

இப்போது ஃபிலிம் விற்கும் விலையில் 72 என்ற எண் யாரையும் சபலப்படுத்தும். ஆனால் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். நெகட்டிவ் பாதி அளவு என்பதால் பெரிதாக்கும்போது துகள் சீக்கிரம் தெரியும். ஃபோனில் பார்க்கவும் சின்ன பிரிண்ட் போடவும் பிரச்சினையில்லை, சுவரில் பெரிதாக மாட்ட நினைத்தால் ஏமாற்றம்தான். இன்னொன்று பொறுமை. 72 படம் எடுத்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். முதல் ரோலிலேயே எங்கே தப்பு செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறவருக்கு இது எரிச்சல். அப்புறம், கேமராவை நேராகப் பிடித்தால் படம் நெடுக்காக விழும், அகலப் படத்துக்குத்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். ஃபோனில் நெடுக்காகவே எடுத்துப் பழகியவர்களுக்கு இது வசதியாகக்கூட இருக்கலாம்.

இதே பாதிச் சட்டத்தில் லென்ஸ் மாற்றும் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வரும் காட்சியையே கண்ணாடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் கேமரா) ஒன்றையும் மைதானி 1963-ல் செய்தார். அதுதான் பென் எஃப். கண்ணாடி மேலே எழாமல் பக்கவாட்டில் திரும்பும், ஷட்டர் டைட்டானியத்தில் செய்த சுழலும் தகடு, தலையில் முக்கோண மேடு கிடையாது. பார்க்க அவ்வளவு அழகான எஸ்எல்ஆர் அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் கட்சி. இருந்தாலும் முதல் கேமராவாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். விலை அதிகம், லென்ஸ்கள் தேடிப் பிடிக்க வேண்டும், சுழல் ஷட்டரைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உள்ள பென் எஃப்டி (1966), கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் போக வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கை மீட்டருக்குக் கொடுத்துவிடுவதால் உள்ளே கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஆசைக்கு வாங்குகிறவர் மீட்டர் இல்லாத பென் எஃப் அல்லது எஃப்வி பக்கம் பார்க்கலாம்.

பேட்டரியே வேண்டாத டிரிப்

1967-ல் வந்த டிரிப் 35, பென் இஇ-யின் யோசனையை முழுச் சட்டத்துக்குக் கொண்டுவந்தது. 40 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். அதைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் செலினியம் மீட்டர். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கும், பேட்டரி கிடையாது. ஷட்டருக்கு இரண்டே வேகம்: 1/40, 1/200 நொடி. எந்த வேகம், எந்த அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) என்பதை மீட்டர் பார்த்துக்கொள்ளும். நம் வேலை தூரத்தை நாலு படங்களில் ஒன்றில் வைப்பது மட்டும்: ஒரு தலை, இரண்டு ஆள், கூட்டம், மலை.

வெளிச்சம் போதாவிட்டால் வ்யூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒரு கொடி எழும்பும், பட்டன் அழுந்தாது. ரோல் வீணாகாமல் காப்பாற்றுகிற அந்தப் பிடிவாதம்தான் டிரிப்பின் பெருமை. அதுவேதான் அதன் எல்லையும். மாலை ஆறரைக்குக் கடைத்தெருவில் எடுக்கலாம் என்று போனால் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பகல் வெளிச்சம், ஊர் சுற்றல், குடும்பப் படம் என்றால் இதைவிட நிம்மதியான கேமரா கிடையாது.

வாங்கும்போது சோதிப்பதும் எளிது. அப்பர்ச்சர் வளையத்தை ‘ஏ’ நிலையில் வைத்து, உள்ளங்கையால் லென்ஸை முழுக்க மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். கொடி எழும்ப வேண்டும். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி, லென்ஸை முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். வெளிச்சத்தில் அப்பர்ச்சர் துளை சின்னதாகச் சுருங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. சரியாகக் கணக்குப் போடுகிறதா என்பது ஒரு ரோல் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மீட்டர் செத்த டிரிப்பை ‘மேனுவலில் வேலை செய்யும்’ என்று விற்பார்கள். அதில் அப்பர்ச்சரைக் கையால் வைத்தால் ஷட்டர் 1/40-லேயே நின்றுவிடும், ஃபிளாஷுக்காக வைத்த ஏற்பாடு அது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

ஓஎம்-1: எல்லாம் உங்கள் கையில்

1960-களின் எஸ்எல்ஆர் கேமராக்கள் கனமானவை, சத்தமானவை. எஸ்எல்ஆர் ஒன்று செய்யச் சொன்னபோது, மற்றவர்களிடம் இருப்பதைப் போலவே இன்னொன்று செய்ய மைதானி ஒப்புக்கொள்ளவில்லை. 1972-ல் எம்-1 என்ற பெயரில் அவர் கேமரா வந்தது. எம் என்ற எழுத்து லைக்காவின் எம் வரிசையோடு உரசியதால் லைக்கா ஆட்சேபித்தது, 1973-ல் ஓஎம்-1 ஆனது. ஆரம்பத்தில் எம்-1 என்று பொறித்து விற்றவை இன்று சேகரிப்பாளர்கள் சண்டை போடும் பொருள். படமெடுக்க வாங்குகிறவர் அந்த ஓர் எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பாடி 510 கிராம். அன்றைய எஸ்எல்ஆர்களை ஒப்பிட்டால் அளவிலும் எடையிலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் வ்யூஃபைண்டர் மட்டும் பிரம்மாண்டம்: 0.92 மடங்கு உருப்பெருக்கம், படத்தில் விழப்போவதில் 97 சதவீதம் கண்ணுக்குத் தெரியும். இன்றைய நடுத்தர டிஜிட்டல் எஸ்எல்ஆரில் கண் வைத்துப் பழகியவர் ஓஎம்-1-இல் கண் வைத்தால் ஒரு நிமிடம் எடுக்க மாட்டார்.

மைதானியின் கெட்டிக்காரத்தனம் இடது கையில் இருக்கிறது. லென்ஸின் நுனியில் அப்பர்ச்சர் வளையம், நடுவில் ஃபோகஸ் வளையம், பாடியோடு ஒட்டிய அடியில் ஷட்டர் வேக வளையம். கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் இடது கையின் விரல்களே முன்னும் பின்னும் நகர்ந்து மூன்றையும் செய்துவிடும். வ்யூஃபைண்டரின் இடப்பக்க ஓரத்தில் ஒரு முள், அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி. கண்ணை எடுக்கவே வேண்டாம். மற்ற கம்பெனிகளில் ஷட்டர் வேகச் சக்கரம் இருக்கும் இடத்தில், மேல் தட்டில், இங்கே ஃபிலிமின் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஃபிலிம் எவ்வளவு வேகமாக இணங்கும் என்ற எண்) சக்கரம் இருக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் அதைத் திருப்பிவிட்டு, படமெல்லாம் ஏன் இருண்டது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கம்.

பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திரம், ஒரு நொடியிலிருந்து 1/1000 வரை பேட்டரி இல்லாமலே ஓடும். ஒரு தொல்லை உண்டு. அந்த மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்தது, அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவு 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 என்ற ஜிங்க்-ஏர் பேட்டரி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும், வோல்ட் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். சுற்றளவு சின்னது என்பதால் ஒரு ரப்பர் வளையம் போட்டு உட்கார வைக்க வேண்டும். ஸ்டிக்கரைக் கிழித்த சில மாதங்களில் தீர்ந்துவிடும், விலை குறைவு என்பதால் பரவாயில்லை. பேட்டரியே இல்லாவிட்டாலும் நல்ல வெயிலில் அப்பர்ச்சரை 16-ல் வைத்து, ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் என்றால் ஷட்டரை 1/250-ல் வைத்தால் படம் வந்துவிடும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி: ப்ரிஸத்தை (வ்யூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) சுற்றிய நுரை ஸ்பாஞ்சை எடுத்தாயிற்றா? காலப்போக்கில் அது பிசின்போல இளகி, ப்ரிஸத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வ்யூஃபைண்டருக்குள் கறுப்பாகக் கோடோ திட்டோ தெரிந்தால் அந்த வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். படத்தில் அது விழாது, கண்ணுக்குத்தான் உறுத்தல், ஆனால் விலை பேச நல்ல காரணம். பின்கதவில் வெளிச்சம் கசியாமல் தடுக்கும் லைட் சீல் எல்லாப் பழைய கேமராவிலும் நைந்துதான் இருக்கும். அதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஓஎம்-2 என்கிற புத்திசாலி

ஓஎம்-1-க்கும் 1975-ல் வந்த ஓஎம்-2-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, உள்ளே வேறு உலகம். அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். அதில் என்ன அதிசயம் என்றால், மற்றவை ஷட்டர் திறப்பதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்து முடித்துவிடும். ஓஎம்-2 ஷட்டர் திறந்திருக்கும்போதே, ஷட்டரின் திரையிலும் ஃபிலிமிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கும். இதற்காகவே ஷட்டரின் முதல் திரையில் ஃபிலிமைப் போலவே வெளிச்சத்தைத் திருப்பும்படி வெள்ளைப் புள்ளிகளை அச்சடித்திருப்பார்கள். முக்காலியில் வைத்து இருட்டில் எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வண்டி விளக்கு வந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஷட்டரை முன்னதாக மூடிவிடும். ஃபிளாஷையும் அதே வழியில் கட்டுப்படுத்தியது. இப்படிச் செய்த முதல் கேமரா இதுதான்.

அப்படியானால் எல்லோரும் ஓஎம்-2 வாங்க வேண்டியதுதானே? இரவுப் படம், மேடை வெளிச்சம் இவற்றில் ஆர்வம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். சாதாரண எஸ்ஆர்44 பேட்டரிதான் என்பதால் மெர்க்குரித் தொல்லையும் இல்லை. ஆனால் அது மின்னணு ஷட்டர், பேட்டரி தீர்ந்தால் கண்ணாடி மேலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய பயம், ஐம்பது வயதாகும் சர்க்யூட். பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் பழுதானால் கைத்தொழில் தெரிந்தவர் துடைத்து, எண்ணெய் விட்டு, சரிக்கட்டிவிடலாம். சர்க்யூட் போனால் இன்னொரு கேமராவைப் பலி கொடுத்தால்தான் ஆகும்.

இதே காரணத்தால்தான் ஓஎம்-10-ஐயும் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கும், அதே லென்ஸ்கள் பொருந்தும். ஆனால் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வேண்டுமென்றால் முன்னால் செருகும் ஒரு குட்டி அடாப்டர் வேண்டும், அது பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். ஓஎம்-4, ஓஎம்-4டிஐ எல்லாம் அருமையான கேமராக்கள். காட்சியில் எட்டு இடம் வரை தனித்தனியாக அளந்து சராசரி போடும் மீட்டர் அவற்றில் உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சட்டைப்பைக்கு எது?

1979-ல் வந்த எக்ஸ்ஏ-வில் மைதானி தேடியது உறையும் லென்ஸ் மூடியும் வேண்டாத கேமரா. சோப்புக்கட்டி வடிவம், நழுவும் மூடியைத் திறந்தால் லென்ஸ் தெரியும், மூடினால் பட்டன் வேலை செய்யாது. எடை 225 கிராம். இதற்குள் 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையும், உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரையும் (வ்யூஃபைண்டரின் நடுத் திட்டில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ஏற்பாடு) அடைத்தார். லென்ஸ் முன்னால் நீளாமல் இருக்க, அதன் மொத்த நீளம் குவியத் தூரத்தையும்விடக் குறைவாக வரும்படி ஆறு கண்ணாடிகளில் கணக்குப் போட்டார்கள். அப்பர்ச்சரும் ஃபோகஸும் நம் கையில், ஷட்டர் வேகம் கேமராவின் கையில்.

அடுத்த வருடம் வந்த எக்ஸ்ஏ2-ல் ரேஞ்ச்ஃபைண்டர் போய், பக்கம்-நடு-தூரம் என்று மூன்று நிலை மட்டும் வந்தது. லென்ஸ் எஃப் 3.5. காகிதத்தில் இது தாழ்ந்த மாடல். தெருவில் நடந்துகொண்டே எடுக்கிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். எக்ஸ்ஏ-வின் ரேஞ்ச்ஃபைண்டர் திட்டு பழைய கேமராக்களில் பெரும்பாலும் மங்கிப்போயிருக்கும், ஃபோகஸ் நெம்புகோலும் ரொம்பச் சின்னது. எக்ஸ்ஏ2-வை மூடித் திறந்தால் ஃபோகஸ் தானாக நடு நிலைக்கு வந்து நிற்கும். திறந்தோம், எடுத்தோம், மூடினோம் என்று முடிந்துவிடும். விலையும் குறைவு.

மியூ-2 பற்றிக் கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். 1997-ல் வந்தது, தானே ஃபோகஸ் செய்யும், எஃப் 2.8 லென்ஸ் நல்ல கூர்மை, தூறலுக்குத் தாங்கும். ஆனால் இணையத்தில் பிரபலமாகி விலை தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபிளாஷ் தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும், வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பழுதானால் தூக்கிப்போட வேண்டியதுதான். அந்தக் காசுக்கு ஒரு எக்ஸ்ஏ2-வும் நிறைய ஃபிலிமும் வாங்கிவிடலாம்.

சரி, முடிவு என்ன? கற்றுக்கொள்ள நினைக்கிறவருக்கு ஓஎம்-1, சந்தேகமே இல்லை. எந்தத் தப்பும் கேமராவுடையதாக இருக்காது, எல்லாம் நம்முடையது, அதனால் சீக்கிரம் திருந்தும். படம் மட்டும் வேண்டும், தலைவலி வேண்டாம் என்பவருக்கு மீட்டர் சோதித்த டிரிப் 35. எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பவருக்கு எக்ஸ்ஏ2. செலவைக் குறைக்கப் பென் இஇ வாங்க நினைப்பவர், தன் ஊர் லேப் பாதிச் சட்டத்தை எப்படி ஸ்கேன் செய்கிறது, அதற்குத் தனிக் காசு கேட்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்கட்டும். பழைய பொருளே வேண்டாம், வாரண்டியோடுதான் வேண்டும் என்றால் ரிக்கோ 2024-ல் கொண்டுவந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அதுவும் பாதிச் சட்டம், அதுவும் தூரத்தைப் படம் பார்த்து வைப்பது, அமெரிக்காவில் 500 டாலர் விலையில் வந்தது. அந்த விலைக்கு மேலே சொன்னவற்றில் இரண்டு வாங்கலாம் என்பது வேறு விஷயம்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. 2022-ல் வந்த டிஜிட்டல் கேமராவுக்கும் ஓஎம்-1 என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், தேடினால் இரண்டும் கலந்து வரும். பழையதைத் தேடுகிறவர் ‘ஃபிலிம்’ என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஎம்-1என் என்று இருந்தால் 1979-ல் சில்லறைத் திருத்தங்களோடு வந்தது, அதையும் வாங்கலாம்.

லென்ஸ் விஷயத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 போதும். முகப்பு வளையத்திலேயே ‘மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்தவை கடைசியாக வந்த வகை, அவற்றுக்குக் கொஞ்சம் விலை கூட்டிச் சொல்வார்கள். அந்த எழுத்தைவிடக் கண்ணாடிக்குள் பூஞ்சை இல்லை என்பதைப் பாருங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடற்கரை ஊர்களில் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இரண்டாவது லென்ஸாக 28 மி.மீ. எஃப் 3.5. சின்னது, மலிவு, ஓஎம்-1-இல் மாட்டினால் பையில் இருப்பதே தெரியாது.